இரு பிணியும் ஒரு மருத்துவமும்

(திருமுக்கூடலில் கூடிய நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தார் எம்மை அழைக்கும்பொழுதெல்லாம் இலக்கியம் பற்றிப் பேசுமாறு பணிப்பதே வழக்கம். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஊசியின் வழியே போதைப்பொருள் ஏற்றும் பழக்கத்துக்கு ஆட்பட்டு, அவ்வூசியின் வழியாகவே எச்.ஐ.வி. என்னும் நோய்க்கிருமியையும் ஏற்றுக்கொண்டவர்க்குச் செய்யும் மருத்துவம் பற்றியே பேச விழைகின்றோம். இது தாய்மார்கள் அமர்ந்துள்ள அவையிற் பேசத்தகும் பொருளன்று என நண்பர் சிலர் எம்மைத் தடுத்தனர். இந்நோயால் மகனை இழந்தவரும், கணவனிடமிருந்து அறியாமலே நோயைப் பெற்றவரும் தாய்மார்களே அல்லரோ? அவர் கேளாத பேச்சால் யாருக்குப் பயன்?

மற்றொரு காரணமும் உண்டு. இன்று காலை அமர்வில் ஒரு தீர்மானம் படிக்கப்பட்டது. போதைப் பழக்கத்துக்கு ஆளானவர் குடும்பத்துக்குச் சங்கத்தின் உதவிநிதி வழங்கலாகாது என்பது அதன் சாரம். மாலையில் அது வாக்குக்கு வரும். அதற்குமுன் சில செய்திகளை உங்கள் முன் வைப்பது எம் கடமையெனக் கருதுகின்றோம்.

நாம் கூடியிருக்கும் இவ்வூரை நோக்குங்கள். பாலாறும், செய்யாறும், வேகவதியும் கூடுமிடம் இது. இங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் அரசாண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. கோயிலைச் சார்ந்திருந்த கல்விச்சாலையையும், விடுதியையும், ஆதுலசாலையையும் அது விரித்துரைக்கின்றது. ஆதுலசாலையென்பது மருத்துவமனை. அதில் நோயாளர்க்கு 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மருந்து மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், இவர்க்கெல்லாம் ஊதியம் இத்துணை நெல் என வகுத்து வெட்டியுள்ளனர். ஆண்டு முழுதும் இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயரும் அக்கல்லிலேயே உள. இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெயும் மறவாது குறித்துள்ளனர்.

அவ்வாதுலசாலை கோயிலைச் சார்ந்த மாணவர்க்கும் பணியாளர்க்கும் உரியதாயிருந்தது. ஊரார் அனைவர்க்கும் உரியதன்று. இதனையும் நாம் உள்ளவாறே கொள்ளவேண்டும். ஆயினும் ஒன்று தெளிவாகின்றது. மருத்துவமென்பது மருத்துவரும் மருந்தும் மட்டுமன்று. அருகிருந்து பேணுவாரும் அதன் ஓர் உறுப்பு என்பதை அந்நாளிலேயே அறிந்திருந்தனர். திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயாளி, மருத்துவர், மருந்து, பணிசெய்வார் என மருத்துவத்தை நான்காக வகுத்தனர். நம் பொருளையும் அந்நான்கின் வழியே ஆராய்வோம்.

முதற்கண் நோயாளி. அபினும், அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபினும், மார்ஃபினிலிருந்து செய்யும் ஹெராயினும் ஓரினத்தன. அவற்றின் செயலையொத்துச் செயற்கையாய் ஆக்கப்பட்ட வலிநீக்கி மருந்துகளும் அவ்வினத்தையே சாரும். மகவு அழாதிருக்க அபின் கொடுக்கும் வழக்கம் இந்நாட்டின் பல பகுதிகளில் ஒருகாலத்து இருந்தது. ஹெராயினோ 1898இல் ஜெர்மானியக் குழுமமொன்றால் இருமல் மருந்தென்றே விற்கப்பட்டது. மருந்தாய் வீட்டினுள் வந்த பொருளே பின்னர் வீட்டையே விழுங்கியது.

நம் மூளையில் இவ்வினப் பொருள்கள் சென்று பொருந்தும் இடங்கள் உள. வலி தணிதற்கு உடலே இயல்பாகச் சுரக்கும் பொருள்களுக்கென அமைந்த இடங்கள் அவை. புறத்திலிருந்து நாள்தோறும் அவ்விடங்களை நிரப்பிவந்தால் உடல் தன் இயல்பை மறந்துவிடுகின்றது. பின்னர் அப்பொருள் கிடையாத நாளில், கொட்டாவியும், மூக்கொழுக்கும், மயிர்க்கூச்சும், வயிற்றுளைவும், பேதியும், எலும்பை முறிப்பதுபோன்ற நோவும், உறக்கமின்மையும் வருத்தும். இந்நிலையில் உழல்வான் இன்பத்துக்காகப் போதையைத் தேடுகின்றிலன். நோவிலிருந்து தப்பவே தேடுகின்றான். இவ்வேறுபாட்டை உணராதவரை நாம் அவனுக்குச் சொல்லும் அறிவுரை, காய்ச்சலுற்றவனை நோக்கி உடல் சுடாதே என்று சொல்வதையே ஒக்கும்.

இனி அவனுக்கு இரண்டாம் நோய் வந்தவாற்றைக் காண்போம். 1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவர் மாணவியாயிருந்த செல்லப்பன் நிர்மலா அவர்களும் சென்னையில் எடுத்த குருதி மாதிரிகளிலேதான் இந்நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அம்மாதிரிகள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதிக்கப்பட்டன. அதுகாறும் இது மேனாட்டார் நோய், நமக்கு வாராது என்றிருந்தோர் பலர். சாலமன் அம்மையார் நோயாளரை அஞ்சி விலக்காது அருகணைத்துப் பேணியவர். 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தை நிறுவி, 2015இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார்.

ஒருவர் ஏற்றிய ஊசியைக் கழுவாது மற்றொருவர் ஏற்றுங்கால், ஊசியில் எஞ்சிய குருதியோடு கிருமியும் நேரே உடலினுள் புகுகின்றது. மஞ்சட்காமாலை விளைக்கும் கல்லீரல் அழற்சிக் கிருமியும் அவ்வழியே செல்லும். 1990களில் சென்னையில் ஊசியேற்றுவோரிடையே ஹெராயினோடு புப்ரநார்ஃபின் என்னும் வலிநீக்கி மருந்தும் ஊசிவழியே பரவியது. ஊசியேற்றும் ஆடவரின் மனைவியரிடத்தும் நோய் புகுந்ததைச் சென்னையில் ஆராய்ந்தோர் கண்டு எழுதியுள்ளனர். அப்பெண்டிர் ஒருநாளும் ஊசியைத் தொட்டவர் அல்லர்.

இங்கு எம் வாழ்விற் கண்ட ஒன்றைச் சொல்லாதிருத்தல் முறையன்று. சில ஆண்டுகட்கு முன், எம்மிடம் தமிழ் பயின்ற பழைய மாணவன் ஒருவன் ஒருநாள் அந்தி வேளையில் எம் இல்லத்துக்கு வந்தான். வகுப்பில் செய்யுளைப் பிழையின்றி இசையோடு படிப்பவன் அவன். தாய் தார் சுற்றிப் படிக்கவைத்த பிள்ளை. திண்ணையில் அமருமாறு சொன்னோம், அமரவில்லை. தனக்கு இரு நோயும் உண்மையைச் சொல்லி, தாம்பரம் மருத்துவமனைக்குச் செல்ல வழிச்செலவும், உடன்வர ஓர் ஆளும் வேண்டுமென்றான். யாம் என் செய்தோம்? கள்ளுண்ணாமை அதிகாரத்தை விரித்துரைத்தோம். ஒரு நாழிகைப்பொழுது தலைகவிழ்ந்து நின்று கேட்டான், வணங்கிச் சென்றான். அடுத்த ஆண்டில் நுரையீரல் நோயால் இறந்தான் எனக் கேள்வியுற்றோம். அவன் தாய் எம்மை வழியிற் கண்டு, "ஐயா, கடைசியாக என் பிள்ளை உங்களைப் பார்க்க வந்தானாமே, என்ன கேட்டான்?" என்றார். எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. இன்றும் இயலவில்லை. அவன் கேட்டது பேருந்துக் கட்டணம். யாம் கொடுத்தது பதவுரை.

இரண்டாவது மருந்து. இரு நோய்க்கும் இன்று மருந்து உண்டு என்பதை இவ்வவை அறிதல் வேண்டும்.

எச்.ஐ.வி.யை உடலினின்று அறவே நீக்கும் மருந்து பொதுவழக்கிற்கு இன்னும் வரவில்லை. ஆனால் அதனை அடக்கிவைக்கும் கூட்டு மருந்து உண்டு. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதல் இந்திய அரசு அதனை விலையின்றி வழங்கிவருகின்றது. முதலில் வழங்கத் தொடங்கிய மருத்துவமனைகளுள் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. நோய் உண்டெனத் தெரிந்தவுடனே மருந்து தொடங்கவேண்டுமென்பது 2017 முதல் இந்நாட்டின் விதி. நாள் தவறாது உண்பவன் குருதியிற் கிருமி, சோதனைக்கும் புலப்படாத அளவுக்குக் குறையும். அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியே பிறர்க்கு நோய் பரவாது. ஆனால் நாள் தவறினாலோ, கிருமி மருந்துக்கு அடங்காத் தன்மை பெற்றுவிடும். போதை தேடி அலைபவன் நாள் தவறாது மருந்துண்பது எங்ஙனம்? இதுவே முடிச்சு.

அம்முடிச்சை அவிழ்ப்பது போதைக்கான மாற்று மருந்து. 1960களின் நடுவில் நியூயார்க் நகரில் டோல், நைசுவாண்டர் என்னும் மருத்துவர் இருவர் மெதடோன் என்னும் மருந்தை நாள்தோறும் கொடுத்து, ஹெராயின் பழக்கத்தினரை நிலைப்படுத்தலாம் எனக் காட்டினர். பின்னர்ப் புப்ரநார்ஃபினும் இப்பணிக்கு வந்தது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. தமிழர் பலர் வாழும் மலேசியாவில் நோய் பெரும்பாலும் ஊசிவழியே பரவியமையால், அவ்வாண்டிலேயே மெதடோன் மருத்துவம் அங்குத் தொடங்கப்பட்டது. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, 2007இல் தொடங்கிய மூன்றாம் திட்டக் காலத்தில் புப்ரநார்ஃபின் மாத்திரையை இப்பணிக்கு மேற்கொண்டது. மெதடோன் 2012ஆம் ஆண்டளவிற் சில இடங்களில் தொடங்கப்பட்டது.

சென்னைத் தெருக்களில் ஊசியாய் நின்று நோய் பரப்பியது புப்ரநார்ஃபின் என்றோமே. அதே பொருளா மருந்து என நீங்கள் வினவலாம். ஆம், அதே பொருள்தான். பணியாளர் முன்னிலையில், அளவறிந்து, நாளுக்கொருமுறை நாவின்கீழ் வைத்துக் கரையவிடுங்கால் அது மருந்து. மறைவில், அளவின்றி, பிறர் ஊசியால் ஏற்றுங்கால் அது நஞ்சு. பொருள் ஒன்றே, முறை வேறு.

அது செயற்படும் வகையையும் கேளுங்கள். மூளையில் ஹெராயின் பொருந்தும் இடத்திலேயே இம்மருந்து இறுகப் பொருந்துகின்றது. ஆனால் முழு ஆற்றலோடு அவ்விடத்தைத் தூண்டுவதில்லை. ஆகவே நோவு தணிகின்றது, மயக்கம் மிகுவதில்லை. அளவு கூடினாலும் அதன் செயல் ஓரெல்லைக்குமேல் ஏறுவதில்லையாதலின், மூச்சு நின்று இறக்கும் இடர் பெரிதும் குறைவு. மதுவோடும் உறக்க மருந்தோடும் கலந்தாலோ இடர் உண்டு. முதல் மாத்திரையைப் போதை இறங்கி உடல்நோவு தொடங்கிய பின்னரே கொடுக்கவேண்டும். முந்திக் கொடுத்தால், முன்னிருந்த பொருளைத் தள்ளி நோவைத் திடீரென மிகுவிக்கும். ஆதலின் இது தானே வாங்கி உண்ணும் மருந்தன்று. மருத்துவர் கையால் உண்ணும் மருந்து.

மூன்றாவது மருத்துவர். இரு நோயும் கூடியவனுக்கு இரு மருத்துவம் வேண்டும். அவ்விரண்டும் ஒன்றையொன்று அறிந்திருத்தல் வேண்டும். நம் கோர்வைச் சேலையை நினைத்துப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், தனித்தனி நாடா, நெய்வோனும் துணைவனும் இருபாலும் அமர்ந்து, ஒவ்வோர் ஊடையிலும் உடலிழையைக் கரையிழையோடு கோத்துச் செல்கின்றனர். கோவை தவறினால் உடலும் கரையும் எத்துணை அழகாயிருப்பினும் சேலை சேலையாகாது. இம்மருத்துவமும் அத்தகையது.

ஓர் எடுத்துக்காட்டு. பல்லாண்டுகள் வழங்கிய நெவிரபின், எஃபாவிரென்ஸ் என்னும் எச்.ஐ.வி. மருந்துகள், கல்லீரலைத் தூண்டி மெதடோனை விரைந்து அழியச் செய்வன. மெதடோன் உண்பவனுக்கு இவற்றைத் தொடங்கினால், ஓரிரு வாரத்துள் பழைய நோவு திரும்பிவிடும். கூட்டு மருந்தே தன்னை வருத்துகின்றதென அவன் எண்ணி அதனை விடுவான். அல்லது மீண்டும் ஊசியைத் தேடுவான். காரணமறிந்த மருத்துவரோ மெதடோன் அளவைச் சிறிது கூட்டி இரண்டையும் காப்பார். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மெதடோன், புப்ரநார்ஃபின் இரண்டையும் குறைக்கவல்லது. எச்.ஐ.வி. உற்றாரைக் காசநோய் எளிதிற் பற்றுமாதலின் இதனை மறத்தலாகாது. இந்நாளில் முதன்மையாய் வழங்கும் டொலுடெக்ராவிர் இம்மாற்று மருந்துகளோடு பெரிதும் முரண்படாதது நற்பேறு. அதுவும் ரிஃபாம்பிசினோடு சேருங்கால் நாளுக்கு இருமுறை தரப்படவேண்டும். இவ்வூரில் மூன்று ஆறு கூடுவதுபோல ஓர் உடலில் மூன்று நோய் கூடலாம். ஆகவே நோயாளி எதனையும் ஒளியாது மருத்துவரிடம் சொல்லவேண்டும். சொல்லவேண்டுமாயின் மருத்துவர் முகஞ்சுளியாதிருத்தல் வேண்டும்.

இனி நம்மவர் எழுப்பும் தடைகளுக்கு வருவோம்.

"போதைக்குப் போதையா மருந்து? சிலநாள் அடைத்துவைத்தால் தெளியாதோ?" என்பர் சிலர். உடல்நோவு சில நாளில் அடங்குவது உண்மையே. ஆனால் வேட்கை அடங்குவதில்லை. அடைத்துவைக்கப்பட்டோர் பலர் வெளிவந்ததும் மீள்கின்றனர். அப்பொழுது பழைய அளவையே ஏற்றினால், தாங்கும் ஆற்றல் குறைந்துவிட்ட உடல் மூச்சடங்கிப் போகின்றது. திருத்தப்பட்டான் எனக் கருதி நாம் மகிழும் வாரமே அவனுக்கு மிகக் கொடிய வாரமாகலாம். மாற்று மருந்து உண்பவனோ காலையில் மருந்துண்டு தறியில் அமர்கின்றான். மாலையில் கூலியோடு வீடு திரும்புகின்றான். நீரிழிவுற்றவர் நாள்தோறும் இன்சுலின் ஏற்றுவதைப் போதையென்பாருண்டோ?

"அவன் தேடிக்கொண்ட வினை" என்பர் வேறு சிலர். தேடிக்கொண்டதே ஆகுக. பாவில் ஓரிழை அற்றால் அற்றது யாரால் என்று வழக்காடிக்கொண்டிருப்பீரோ? பாவையே அறுத்தெறிவீரோ? அற்ற இழையைத் தேடியெடுத்து முடிந்து, மேலே நெய்கின்றீர்கள் அல்லவா? பட்டிழைக்குக் காட்டும் பொறுமையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டலாகாதா?

"சட்டம் நம்மையும் பிடிக்குமோ?" என அஞ்சுவாரும் உளர். போதைப்பொருள் பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையானதே. எனினும் அதன் 64அ பிரிவு, உட்கொண்ட குற்றத்துக்கோ சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உட்பட்டவர் தாமே விரும்பி மருத்துவம் பெற முன்வரின், அவர்க்கு வழக்கினின்று காப்பளிக்கின்றது. மருத்துவத்தை முழுமையாகப் பெறாதுவிடின் அக்காப்பு நீங்கும். எச்.ஐ.வி. பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உளது. நோயுற்றாரை வேலையினின்றும், பள்ளியினின்றும், மருத்துவமனையினின்றும் விலக்குவதை அது தடுக்கின்றது. ஒருவர்க்கு நோயுண்மையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும் தடுக்கின்றது. தூய ஊசி வழங்கல், மாற்று மருந்து அளித்தல் முதலிய பணிகளைக் குற்றமாகக் கொள்ளலாகாதெனவும் கூறுகின்றது. அரசின் சட்டம் இத்துணை தூரம் இரங்கிவந்திருக்க, நம் சங்கத்தின் தீர்மானம் அதனினும் வன்மையுடையதாயிருத்தல் தகுமா?

இறுதியாக நான்காவது உறுப்பு, அருகிருந்து பணிசெய்வார். மருந்தை அரசு தருகின்றது. மருத்துவர் மருத்துவமனையில் உளர். இந்நான்காம் உறுப்பை அரசு தர இயலாது. அது நாமே. ஆகவே காலையிற் படித்த தீர்மானத்தை விலக்கி, கீழ்வருவனவற்றை மேற்கொள்ளுமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம்.

நிதியுதவியை நிறுத்துவதால் தண்டிக்கப்படுவோர் மனைவியும் மக்களுமே. ஆதலின் அவ்வுதவி தொடரவேண்டும். பணம் தவறான கைக்குச் செல்லுமென்னும் ஐயமிருப்பின், அரிசியாகவும் பள்ளிக்கட்டணமாகவும் நேரே வழங்குக. மருத்துவத்துக்குச் செல்வோர்க்கு வழிச்செலவும், வேண்டுவோர்க்கு உடன்செல்ல ஓர் ஆளும் சங்கம் தருக. மாற்று மருந்து தொடக்கத்தில் நாள்தோறும் நேரிற் சென்று உண்ணவேண்டியதாகலின், தறி உடையவர்கள் அத்தொழிலாளர்க்குக் காலையில் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுங்கள், கூலியைக் குறையாதிருங்கள். ஒருவர் நோயை அறிந்தோர் அதனைத் தம் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். நோயுற்றானது மனைவியையும் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; அவரும் மருந்தால் நெடுநாள் வாழலாம், நோயில்லாப் பிள்ளையைப் பெறவும் செய்யலாம்.

இளைஞர்களே! வலிநீக்கி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் கேடு இன்று இந்நாட்டில் தலைகாட்டியிருப்பதைச் செய்தித்தாள்களிற் காண்கின்றோம். ஊசிவழியே ஏற்றுமாறு செய்யப்படாத மாத்திரை குருதிக்குழாயை அடைத்துப் புண்ணாக்கும். பிறர் ஊசியோ இந்நோய் அனைத்தையும் கொணரும். தொடாதிருப்பது தலை. தொட்டுவிட்டீராயின் ஒளியாதீர். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை விலையின்றிச் செய்யப்படுகின்றது. எய்ட்ஸ் பற்றிக் கேட்க 1097 என்னும் தொலைபேசி எண்ணும், போதை நீக்கம் பற்றிக் கேட்க 14446 என்னும் எண்ணும் உள. உங்கள் ஆசிரியரிடமும் வரலாம். இம்முறை யாம் பதவுரை சொல்லமாட்டோம்; உடன்வருவோம்.

பெரியோர்களே! அக்கல்வெட்டிற் கண்ட ஆதுலசாலை இன்றில்லை. அவ்விளக்கும் அணைந்து நூற்றாண்டுகள் பல சென்றன. நோயுற்றான் இரவில் இருளிற் கிடத்தலாகாதென எண்ணி எண்ணெய்க்கும் பொருள் ஒதுக்கிய அந்நெஞ்சமட்டும் நமக்கு மரபுரிமையாய் வந்திருக்கவேண்டும். வந்துள்ளதா இல்லையா என்பது இன்று மாலை நீங்கள் கை உயர்த்துங்கால் தெரியும்.